கட்டப்படாத நிலையத்துக்கு ஒரு வளைவு: அனல் மின் யூனிட்டின் செலவையும் புகையையும் கணக்கிடுவது எப்படி?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போகிறவங்களுக்கு மரக்காணம் என்றால் உப்பளம்தான். பாத்தி பாத்தியாக வெள்ளை, நடுவில் குவியல், அந்தப் பக்கம் கழுவெளி. அதே கரையில் கொஞ்சம் வடக்கே, செய்யூர் பக்கம், 4000 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று வருவதாக இருந்தது. இறக்குமதி நிலக்கரி, அதை இறக்கக் கடலோரத்தில் தனித் துறைமுகம், 'கோஸ்டல் தமிழ்நாடு பவர் லிமிடெட்' என்று ஒரு கம்பெனி கூடப் பதிவாகியிருந்தது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தாங்க, சுற்றுச்சூழல் அனுமதி தீர்ப்பாயம் வரை போச்சு. 2015ல் ஏலமே ரத்தாகி, இன்று வரை நிலையம் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் திட்டம் சரியா தப்பா என்பது பற்றி இல்லை. அப்படி ஒன்று வந்திருந்தால் மணிக்கு எவ்வளவு ரூபாய் எரியும், மணிக்கு எத்தனை டன் புகை மேலே போகும் என்பதை ஒரு எலக்ட்ரிக்கல் மாணவர் எப்படிக் கணக்கிடுவார் என்பது பற்றி. பவர் சிஸ்டம் ஆபரேஷன் பேப்பர்ல 'எகனாமிக் டிஸ்பேட்ச்' படிக்கும்போது அ, ஆ, இ என்று மூன்று எண்களைக் கேள்வியிலேயே கொடுத்துடுவாங்க. நாம லாம்டா கண்டுபிடிச்சு பதினாறு மார்க் வாங்கிட்டு வந்துடுவோம். அந்த மூன்று எண் எங்கிருந்து வருது என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் வேலையே அங்கதான் இருக்கு.

முதலில் ஹீட் ரேட்

ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, 860 கிலோகலோரிக்குச் சமம். ஆனா அனல் நிலையத்தில் அந்த ஒரு யூனிட்டுக்கு 2400 கிலோகலோரி அளவுக்கு நிலக்கரி எரிக்கணும். மீதி பெரும்பாலும் கண்டென்சர் வழியாகக் கடலுக்கும், கொஞ்சம் சிம்னி வழியாகக் காற்றுக்கும் போகுது. இந்த 2400 தான் ஹீட் ரேட். டர்பைன் ஹீட் ரேட்டை பாய்லர் திறனால் வகுத்தால் இது கிடைக்கும்: டர்பைன் 2030, பாய்லர் 85 சதவீதம் என்றால் 2388.

நேரடியாக அளக்கணும்னா, யூனிட்டை ஒரு லோடில் நிறுத்தி, எல்லாம் நிலைப்படும் வரை காத்திருந்து, கோல் ஃபீடர் எத்தனை டன் தள்ளியது, மீட்டர் எத்தனை யூனிட் காட்டியது என்று எடுக்கணும். நிலக்கரி மாதிரியை லேபில் பாம் கலோரிமீட்டரில் எரிச்சு ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்று பார்க்கணும். அடுத்த லோடு, மறுபடியும் அதே வேலை. நான்கைந்து லோடுகளில் செய்தால் நான்கைந்து புள்ளிகள் கையில் இருக்கும். வளைவு என்பது இந்தப் புள்ளிகள் வழியாக வரைகிற கோடு, அவ்வளவுதான்.

இதில் பெரிய தலைவலி கலோரி மதிப்புதான். வேகன்ல இருந்து எடுத்த மாதிரிக்கும் பங்கர்ல இருந்து எடுத்த மாதிரிக்கும் எண் மாறும், ஈரம் மாறினாலும் மாறும். அதனால எல்லா லோடு சோதனையையும் ஒரே கரியில், அடுத்தடுத்து முடிச்சுடுவது நல்லது. அப்போ கலோரி மதிப்பில் தவறு இருந்தாலும் வளைவு முழுக்க ஒரே விகிதத்தில் மேலேயோ கீழேயோ நகரும், வடிவம் கெடாது. ஒவ்வொரு லோடுக்கும் வேற வேற கரி என்றால் வடிவமே பொய்யாகிடும்.

கையில் டேட்டா இல்லையே, என்ன செய்ய?

நமக்கு எந்த நிலையமும் சோதனைப் புத்தகத்தைத் திறந்து காட்டப் போவதில்லை. ஆனா ஒரு வழி இருக்கு. சூரிய ஒளி, காற்று மின்சாரம் அதிகமாக வரும் நேரத்தில் அனல் யூனிட்களை லோடு குறைக்கச் சொல்றாங்க. குறைந்த லோடில் ஹீட் ரேட் மோசமாகும், அதற்கு ஈடு கொடுக்கணும். அந்த ஈட்டுக்காக மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு அட்டவணை வெளியிட்டது. சப்கிரிட்டிகல் யூனிட்டுக்கு அதில் உள்ளது: 85 முதல் 100 சதவீத லோடில் கூடுதல் ஏதும் இல்லை. 75 முதல் 85க்குள் ஹீட் ரேட் 2.25 சதவீதம் கூடும், 65 முதல் 75க்குள் 4 சதவீதம், 55 முதல் 65க்குள் 6 சதவீதம். சூப்பர்கிரிட்டிகலுக்கு இதே வரிசையில் 1.25, 2, 3.

இதை வைத்தே ஒரு வளைவு போடலாம். வட சென்னைக்குப் பக்கத்தில் வல்லூரில் இருப்பது போல 500 மெகாவாட் சப்கிரிட்டிகல் யூனிட் ஒன்றை நினைச்சுக்கோங்க. முழு லோடில் ஹீட் ரேட் 2390 என்று வைப்போம். இது கணக்குக்காக நான் எடுத்தது, வல்லூரின் எண் இல்லை. முழு லோடிலும், மற்ற ஒவ்வொரு படியின் நடுவிலும் ஒரு புள்ளி எடுத்தால்:

500 மெகாவாட்: 2390 கிலோகலோரி, மணிக்கு 1195.0 ஜிகாகலோரி
400 மெகாவாட்: 2443.8 கிலோகலோரி, மணிக்கு 977.5 ஜிகாகலோரி
350 மெகாவாட்: 2485.6 கிலோகலோரி, மணிக்கு 870.0 ஜிகாகலோரி
300 மெகாவாட்: 2533.4 கிலோகலோரி, மணிக்கு 760.0 ஜிகாகலோரி

மெகாவாட்டை ஹீட் ரேட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜிகாகலோரி. இப்போ எக்செலிலோ பைத்தானிலோ லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போடுங்க. மெகாவாட்டை அப்படியே கொடுக்காமல் 400ஐக் கழிச்சு 50ஆல் வகுத்துக் கொடுத்தால் கையாலேயே முடிக்கலாம், −2, −1, 0, 2 என்று சின்ன எண்களாக வந்துடும். பாடப்புத்தகம் சொல்வது போல இருபடி வளைவு போட்டால் கிடைப்பது:

வெப்பம் = 101.8 + 2.208 × மெகாவாட் − 0.0000435 × மெகாவாட்டின் வர்க்கம்

கடைசி எண்ணின் குறியைப் பாருங்க. மைனஸ்! வகுப்பில் நாம பார்த்த எல்லாக் கணக்கிலும் 'இ' பிளஸ்தான். பிளஸ் என்றால் லோடு ஏற ஏற அடுத்த ஒரு மெகாவாட்டின் விலையும் ஏறும், அதை நம்பித்தான் லாம்டா முறையே நிற்குது. மைனஸ் 'இ' உள்ள இரண்டு யூனிட்களை லாம்டா முறையில் விட்டால், இரண்டின் கூடுதல் விலையும் சமமாகும் புள்ளியில் போய் நிற்கும். அந்தப் புள்ளி செலவு மிகக் குறைந்த இடம் இல்லை, மிக அதிகமான இடம். புரோகிராம் எந்த எர்ரரும் காட்டாது. 'கன்வெர்ஜ்டு' என்றே காட்டும்.

அப்போ யூனிட் உண்மையிலேயே அப்படி நடக்குதா? இல்லை. நாம எடுத்த புள்ளிகள் அளந்தவை இல்லை, படிப்படியான ஒரு விதி. படியின் உயரம் கொஞ்சம் மாறினாலே 'இ'யின் குறி மாறிடும். இதே நான்கு புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டுப் பாருங்க:

வெப்பம் = 108.6 + 2.173 × மெகாவாட்

இந்தக் கோடு அதிகபட்சமாக விலகுவது 350 மெகாவாட்டில், 0.8 ஜிகாகலோரி. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கலோரி மதிப்பில் ஒரு சதவீதம் தவறு வந்தாலே முழு லோடில் 12 ஜிகாகலோரி ஆடும். அப்படி ஆடுகிற டேட்டாவில் இருந்து ஒரு ஜிகாகலோரிக்கும் குறைவான வளைவைப் பிடிச்சேன் என்று சொல்வது, ரேஷன் கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போல. என் தீர்ப்பு: டேட்டா இவ்வளவுதான் என்றால் நேர்கோட்டோடு நின்னுடுங்க. இருபடி வேணும்னா 'இ' பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு போடுங்க. ரிப்போர்ட்ல மட்டும் அதை மறைக்காதீங்க.

108.6 என்ற அந்த முதல் எண்ணை நிறைய பேர் கண்டுக்கறதில்லை. லாம்டா கணக்கில் அது வகையீட்டில் காணாமல் போயிடுது, அதனால். ஆனா யூனிட் ஓடுவதற்காக மட்டுமே எரிகிற வெப்பம் அது. முழு லோடில் மொத்தத்தில் 9 சதவீதம், 300 மெகாவாட்டில் 14 சதவீதம். குறைந்த லோடில் ஹீட் ரேட் கெடுவதற்கு இந்த ஒரே எண் போதும், 'இ' தேவையே இல்லை. ஒரு யூனிட்டை ராத்திரி அணைப்பதா, 55 சதவீதத்தில் ஓட்டுவதா என்று முடிவு பண்ணும்போது பேசப்போவதும் இதுதான்.

ரூபாய்க்கு மாற்றுவது சுலபம். கிலோவுக்கு 3600 கிலோகலோரி உள்ள கரி, டன் 3960 ரூபாய் என்று வைப்போம் (இதுவும் பயிற்சிக்கான விலைதான்). ஜிகாகலோரிக்கு 1100 ரூபாய் ஆச்சு. மேலே உள்ள கோட்டை 1100ஆல் பெருக்கினால் செலவு வளைவு: மணிக்கு சுமார் 1,19,500 ரூபாய், கூட ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 2390 ரூபாய். முழு லோடில் யூனிட்டுக்கு சராசரி 2.63 ரூபாய், 300 மெகாவாட்டில் 2.79 ரூபாய். அடுத்த யூனிட்டின் விலை மட்டும் எங்கேயும் 2.39. சராசரியையும் கூடுதல் விலையையும் குழப்பிக்காதீங்க, வைவாவில் முதல் கேள்வியே அதுதான். இதெல்லாம் ஜெனரேட்டர் முனையில். நிலையம் தனக்கே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கழிச்சால் இன்னும் கூடும். குறைந்த லோடில் அதுவும் அதிகமாகும், அதே அட்டவணை கடைசிப் படிக்கு 1 சதவீதம் தருது.

வால்வ் பாயின்ட் எஃபெக்ட் என்று ஒரு சைன் டெர்ம் சேர்ப்பாங்களே, அதை அளக்க லோடை மிக மெதுவாக ஏற்றி ஒவ்வொரு வால்வும் திறக்கும் இடத்தைப் பிடிக்கணும். அந்த அளவீடு கையில் இல்லாமல் சைன் சேர்ப்பது அல்காரிதத்துக்கு வேலை கொடுக்க மட்டும்தான்.

இப்போ புகை

எமிஷன் வளைவு என்றதும் எல்லோரும் α, β, γ என்று இன்னொரு மூன்று எண்ணைத் தேடுவாங்க. கார்பன் டை ஆக்சைடுக்குத் தேடவே வேண்டாம். கரியில் உள்ள கார்பன் எரிந்தால் ஒவ்வொரு 12 கிலோவுக்கும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம்ம கரியில் 38 சதவீதம் கார்பன் என்றால், ஒரு டன்னுக்கு 1.39 டன். ஒரு டன்னில் 3.6 ஜிகாகலோரி. ஆக ஜிகாகலோரிக்கு 0.387 டன். வெப்ப வளைவை அப்படியே இதால் பெருக்குங்க: மணிக்கு 42 டன், கூட ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 0.841 டன். முழு லோடில் யூனிட்டுக்கு 0.925 கிலோ, 300 மெகாவாட்டில் 0.98 கிலோ.

கவனிச்சீங்களா? செலவு வளைவும் கார்பன் வளைவும் ஒரே வெப்ப வளைவின் இரண்டு பிரதி. ஒன்று 1100ஆல் பெருக்கியது, மற்றது 0.387ஆல். ஒரே கரியை ஒரே விலைக்கு வாங்கும் யூனிட்களுக்குள், செலவு குறைந்த பங்கீடுதான் கார்பன் குறைந்த பங்கீடும். அங்கே 'மல்டி ஆப்ஜெக்டிவ்' என்று எதுவும் கிடையாது. பாரெட்டோ வளைவு வந்தால் உங்க எண்களில் எங்கேயோ தப்பு இருக்கு.

மோதல் வருவது எரிபொருள் மாறும்போது. நெய்வேலியில் சுரங்க வாசலிலேயே பழுப்பு நிலக்கரி கிடைக்குது, கலோரிக்கு விலை குறைவு. ஆனா ஈரம் அதிகம், ஒரு யூனிட்டுக்கு அதிக வெப்பம் வேணும், கலோரிக்குக் கார்பனும் கூட. செய்யூர் போல இறக்குமதிக் கரி நிலையம் இதற்கு நேர் எதிர். பயிற்சிக்காக: பழுப்புக் கரி யூனிட்டில் கூடுதல் ஒரு மெகாவாட் மணிக்கு 2.3 ஜிகாகலோரி, ஜிகாகலோரி 900 ரூபாய், 0.42 டன். இறக்குமதி யூனிட்டில் 2.1 ஜிகாகலோரி, 1500 ரூபாய், 0.39 டன். முதலாவதில் 100 மெகாவாட் குறைச்சு இரண்டாவதில் ஏற்றினால் மணிக்கு 1,08,000 ரூபாய் கூடுதல் செலவு, 14.7 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். டன்னுக்கு சுமார் 7350 ரூபாய். இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மல்டி ஆப்ஜெக்டிவ் கணக்கே. இதுக்கு ஜெனடிக் அல்காரிதம் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

சல்பர் டை ஆக்சைடும் கரியைத்தான் பின்தொடரும். ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ. கரியில் அரை சதவீதம் கந்தகம் என்றால், முழு லோடில் மணிக்கு எரிகிற 332 டன் கரியிலிருந்து அதிகபட்சம் 3.3 டன், சாம்பலில் தங்குவது போக. கந்தக நீக்கி (எஃப்.ஜி.டி.) இருந்தால் அதன் திறனை ஒன்றிலிருந்து கழிச்சு, மீதியால் பெருக்கணும். இல்லையென்றால் எல்லாம் மேலே. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல்முறையாக அனல் நிலையங்களுக்கு சல்பர் டை ஆக்சைடு வரம்பு விதித்தது. கெடு பல முறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெருநகரங்களுக்கும் கடும் மாசுப் பகுதிகளுக்கும் தள்ளி இருக்கும் நிலையங்களுக்கு, சிம்னி உயர நிபந்தனையோடு, அந்த வரம்பிலிருந்து விலக்கு கொடுத்தாங்க. ஆள் குறைவான கரைகளில் இந்த வளைவுக்கு இப்போ மதிப்பு கூடியிருக்கு என்றுதான் நான் சொல்வேன். அங்கே வேற எதுவும் அதைக் குறைக்கப் போவதில்லை.

விதியில் உள்ள எண் கனமீட்டருக்கு மில்லிகிராம், நம்ம வளைவு மணிக்கு டன். இடையில் புகையின் கன அளவு வேணும். குறைந்த லோடில் பாய்லருக்குள் அதிகப்படி காற்று போகும், புகை நீர்த்துப் போகும், மீட்டர் குறைவாகக் காட்டும். அதனால்தான் 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திச் சொல்லணும் என்ற வழக்கம். திருத்தாத எண்ணை வைத்து வளைவு போட்டால் லோடு குறைஞ்சா காற்று சுத்தமாகுது என்ற ஆனந்தமான முடிவு வரும்.

நைட்ரஜன் ஆக்சைடுதான் உண்மையில் தனி வளைவு கேட்கும். அது கரியின் நைட்ரஜனை மட்டும் பொறுத்ததில்லை. தீயின் வெப்பம், காற்றின் அளவு, எந்த மட்டத்து பர்னர்கள் எரியுது என்பதையெல்லாம் பொறுத்தது. வெப்ப வளைவிலிருந்து இதைக் கொண்டுவர முடியாது, சிம்னியில் அளந்தே ஆகணும். புத்தகத்தில் வரும் இருபடியும் அதோடு ஒட்டிய எக்ஸ்பொனென்ஷியலும் இதற்காகத்தான் வந்தது.

அந்த எக்ஸ்பொனென்ஷியல் பற்றி ஒரு எச்சரிக்கை. நம்ம ப்ராஜெக்ட்களில் பாதிக்கு மேல் பயன்படுத்துவது ஐ.இ.இ.இ. 30 பஸ், ஆறு ஜெனரேட்டர் அட்டவணை. முதல் யூனிட்டின் செலவு 10, 200, 100. எமிஷனில் எக்ஸ்பொனென்ஷியலுக்குள் 2.857. அங்கே மின்சாரம் மெகாவாட்டில் இல்லை, 100 எம்.வி.ஏ. அடிப்படையில் பெர் யூனிட்டில். 50 மெகாவாட் என்றால் 0.5 என்று போடணும். மறந்து 50 என்று போட்டால் மணிக்கு வெளியாகும் புகை சூரியனின் எடையை விடப் பல கோடி கோடி மடங்கு வரும். அது பரவாயில்லை, கண்ணில் பட்டுடும்.

கண்ணில் படாதது இன்னொன்று. அந்த சிஸ்டத்தின் மொத்த லோடு 283.4 மெகாவாட், மிகக் குறைந்த எமிஷன் விடை மணிக்கு சுமார் 0.194 டன். அதை 'கார்பன் எமிஷன்' என்று தலைப்பு போட்டு எழுதின ரிப்போர்ட்கள் நிறைய. நாம மேலே போட்ட கணக்குப்படி 283.4 மெகாவாட் கரி மின்சாரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு மணிக்கு 260 டன்னைத் தாண்டணும். ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். 0.194 டன் என்பது யூனிட்டுக்கு 0.7 கிராம், அது நைட்ரஜன் ஆக்சைடு மாதிரியான வாயுக்களின் அளவு. எந்த எமிஷன் அட்டவணை கிடைச்சாலும் முதலில் யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று வகுத்துப் பாருங்க. 900 கிராம் பக்கம் வந்தால் கார்பன் டை ஆக்சைடு. ஒற்றை இலக்க கிராமில் வந்தால் வேற வாயு.

கரையில் நின்று பார்த்தால்

கடலோர நிலையத்தின் வளைவு வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. கண்டென்சருக்குள் போவது கடல்நீர். சித்திரை வெயிலில் அது சூடாக இருந்தால் வாக்குவம் கெடும், அதே லோடுக்குக் கரி கூடும். மார்கழியில் நிலைமை மாறும். ஒரே ஒரு நாள் சோதனையை வைத்து வருஷக் கணக்கு போடாமல், வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக் காலத்துக்கு ஒன்று என்று இரண்டு வளைவாவது வைக்கணும்.

நேரமும் சேரும். பகலில் சோலார் இருக்கும்போது அனல் யூனிட் 55 சதவீதத்துக்கு இறங்குது, வெயில் சாய்ந்ததும் ஏறுது. கடற்காற்று மதியத்தில் எழும்பி மாலை வரை கரையிலிருந்து உள்ளே அடிக்கும். மரக்காணம் போன்ற கரையில் உள்ளே என்றால் பாத்திகளும் கழுவெளியும்தான். உப்பு விலை வெண்மையில் இருக்கு. திறந்த பாத்தியில் மாதக்கணக்கில் காய்கிற பொருள், மேலே விழும் கரித்தூளைக் கழுவித் தள்ள வழியில்லை. மணிக்கு எத்தனை டன் என்ற வளைவு இதைச் சொல்லாது. ஆனா நம்ம வளைவையும் 24 மணி நேர லோடு அட்டவணையையும் காற்றின் திசையையும் பக்கத்தில் வைத்தால், எந்த மணியில் போகும் டன் எந்தப் பக்கம் போகும் என்பது வரை வந்துடலாம். மினி ப்ராஜெக்ட்டுக்கு இது போதும், இதுவரை யாரும் நம்ம டிபார்ட்மென்டில் எடுத்ததா தெரியல.

செய்து பார்க்க ஒன்று. மேலே 500 மெகாவாட் புள்ளியை எடுத்துட்டு, 85-100 படியின் நடுவான 462.5 மெகாவாட்டில் அதே 2390ஐ வையுங்க (1105.4 ஜிகாகலோரி). மறுபடி இருபடி போடுங்க. 'இ' இன்னும் மைனஸ் பக்கம் போகும். ஏன் என்று கண்டுபிடிச்சுட்டு, அதே வேலையை சூப்பர்கிரிட்டிகலின் 1.25, 2, 3க்கும் செய்யுங்க. செய்யூரில் வந்திருக்க வேண்டியது அந்த வகைதான்.